உப்பளத்தில் ஒரு குட்டித் தாய்

கோடை லீவுக்குத் தூத்துக்குடியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். "கடற்கரை எங்கேயும் பார்க்கலாம் மதினி. உப்பளம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டவள், விடியற்காலையிலேயே எங்களைக் கிளப்பிவிட்டாள்.

பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பெண்கள் வெறுங்காலோடு உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். ஏழு வயது மகன் ஒரு பாத்தியில் கையை விட்டு, "அம்மா, பூச்சி!" என்று கத்தினான்.

பூச்சி இல்லை, உப்புநீர் இறால். ஆர்ட்டீமியா என்பார்கள். நீளம் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பதினோரு ஜோடிக் கால்களை அசைத்துக்கொண்டு மல்லாந்தே நீந்துகிறது! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இதுவோ அதைப்போல மூன்று, நான்கு மடங்கு உப்பிலும் வாழும். அங்கே மீன் பிழைக்காது. அதனால் இதைத் தின்னவும் மீன் வராது. தண்ணீரிலுள்ள பாசியை இது தின்றுவிடுவதால் உப்பும் சுத்தமாக விளைகிறதாம்.

இதன் பிள்ளைப்பேறுதான் அதிசயம். இங்குள்ள நாட்டு வகையில் ஆண் துணையில்லாமலே பெண் இனம் பெருக்கும். தண்ணீர் தோதாக இருந்தால் உயிரோடு குஞ்சு பொரிக்கும். உப்பு கடுத்துப் போனாலோ, கெட்டி ஓடு போட்ட முட்டைகளாக இட்டுவிடும். காய்ந்து கிடந்தாலும் வருஷக்கணக்கில் அவை கெடாது. ஏற்ற உப்புநீர் பட்டால், ஓரிரு நாளில் குஞ்சு வந்துவிடும்.

"காலம் சரியில்லேன்னா பிள்ளையைப் பொத்தி வைக்குது பாருங்க" என்றேன், அருகில் வந்த அம்மாளிடம்.

அவர் சிரித்தார். "நாங்களும் அப்படித்தாம்மா. மழை இறங்கிட்டா மூணு மாசம் அளத்துல வேலை கிடையாது. இப்பச் சேர்த்து வச்சாத்தான் அப்போ பிள்ளைகளுக்குக் கஞ்சி."

அவர் பாதத்தைப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. "உப்புத் தண்ணியில புண்ணு ஆறாதும்மா. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கிடுவேன். கண்ணு கூசுறதுதான் தாங்க முடியலே." நாங்கள் கொண்டுபோன தண்ணீர்க் கூஜாவை மகனே அவரிடம் நீட்டினான்.

நீங்களும் போவதானால், அளத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்குள் போய்த் திரும்புங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பும் தொப்பியும் அவசியம். காலில் சிராய்ப்பு இருந்தால் பாத்தியில் இறக்காதீர்கள், எரிச்சல் தாங்காது. குடிதண்ணீர் ஒரு பாத்திரம் கூடுதலாக எடுத்துப் போங்கள். அது உங்களுக்கு அல்ல.

இப்போதெல்லாம் குழம்புக்கு உப்பு அள்ளும்போது கை தானாகவே நிதானிக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். எனக்கு அந்தக் கணக்கோடு, அந்த அம்மாளின் பாதங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.