மலையடிவாரத்தில் ஒரு வீணை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீல மதில் போல் எழுந்து நிற்கிறது. வெள்ளிமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இவ்வூர் மரச் சிற்பிகளின் பட்டறைகளையும் அவசியம் பார்க்க வேண்டும். இச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாம் சென்ற பட்டறைக்கு ஓர் அம்மாள் பழைய தஞ்சாவூர் வீணையொன்றை எடுத்து வந்திருந்தார். யாளி முகத்தில் உடைந்த செவியைச் செப்பனிட்டு, வீணையை விற்று, மகளின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்ட வேண்டுமாம். வியாபாரி ஒருவரோ, "மெட்டெல்லாம் ஆடுகிறது, விறகு விலைதான்" என்று சொல்லிவிட்டாராம்.

மெட்டு ஆடுவது பெருங்குறையன்று. 24 மெட்டுகளையும் தாங்குவது மெழுகு. அது நாளடைவில் தளரும். மீண்டும் மேளம் கட்டினால் சரியாகிவிடும். தந்திகளும் மாற்றத் தக்கவையே. விலையை நிர்ணயிப்பது மரம். குடம் வெடித்திருக்கிறதா? தண்டி வளைந்திருக்கிறதா? தனித்தனியே செய்து இணைத்ததா, ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா? பின்னதற்கு மதிப்பு அதிகம்.

முதிய சிற்பி விரலால் தடவிப் பார்த்தார். "இணைப்பே இல்லை, அம்மா! வெடிப்பு மெருகில்தான், மரத்தில் இல்லை" என்றார். அம்மாளின் முகம் மலர்ந்தது.

இத்தகைய புது வீணையின் விலையை விசாரித்து, பழுது பார்க்கும் செலவைக் கழித்து, பழையதென்பதற்காகவும் சிறிது குறைத்துக் கேட்கும்படி நாம் யோசனை கூறினோம். குறைகளை வாங்குகிறவரிடம் மறைக்க வேண்டாம். விற்கத்தான் வேண்டுமென்றால், வீணையை வீணையாகவே விற்கலாமே, விறகாக விற்பானேன்?