தெரியாததை மறைத்த வாத்தியார்

கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் சொல்லிக்கொடுத்த காலத்தில், எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டி மாணவர்களின் வாயை அடைத்திருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகும் சில பேட்ச்சுகளுக்கு அதையே செய்தேன். இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஒரு மாணவி மளிகைக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதியிருந்தார். பொருளின் விலை 4.35 ரூபாய். அதை நூறால் பெருக்கி, இன்ட் போட்டு முழு எண்ணாக எடுத்தால் 435 பைசா வர வேண்டும். திரையில் 434 வந்தது. “ஒரு பைசா எங்க சார் போச்சு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. “கம்ப்யூட்டர்ல அப்படித்தான்மா வரும், ரவுண்ட் பண்ணிடு. பரீட்சைக்கெல்லாம் கேக்க மாட்டாங்க” என்றேன். ரவுண்ட் போட்டதும் 435 வந்துவிட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். விடை சரியாக வந்ததாலேயே கேள்வி செத்துப்போனது. வகுப்பில் மற்றவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும்: இந்த சாரிடம் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது.

பதில் அவ்வளவு கடினமானதும் அல்ல. நாம் பத்தை அடிமானமாக வைத்து எழுதுகிறோம். மூன்றில் ஒரு பங்கை அப்படி எழுதினால் 0.333 என்று முடிவே இல்லாமல் ஓடும். கணினிக்கு அடிமானம் இரண்டு. அரை, கால், முக்கால் எல்லாம் அதில் சரியாக அடங்கும். பத்தில் ஒன்று அடங்காது, 0.000110011 என்று தொடங்கி 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பைத்தானின் ஃப்ளோட்டுக்கு இடம் 64 பிட்தான், அதில் பின்னத்துக்கு 52. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். 4.35-உம் இப்படி வெட்டுப்பட்ட எண்தான். நூறால் பெருக்கினால் 434.99999999999994 வருகிறது, இன்ட் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறது. 0.1-ஐப் பத்து முறை கூட்டினாலும் 1 வராது, 0.9999999999999999 வரும். ‘1 ஆகும் வரை கூட்டு’ என்று லூப் எழுதினால் அது நிற்கவே நிற்காது.

இதையெல்லாம் பின்னால் வேறொரு வேலைக்காகப் படித்தேன். அப்போதுதான் தஹ்ரான் சம்பவம் கண்ணில் பட்டது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். அமைப்பு நூறு மணி நேரம் அணையாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து சுமார் 0.34 விநாடி ஆகியிருந்தது. ஸ்கட்டின் வேகத்துக்கு அது அரைக் கிலோமீட்டருக்கு மேல். ராடார் தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே பத்தில் ஒன்று, அதே வெட்டு. ஆனாலும் அடுத்த பேட்ச்சில் ஒரு பையன் கேட்டபோது “ரவுண்ட் பண்ணிடுப்பா” என்றுதான் சொன்னேன். இருநிலை எண்முறையிலிருந்து தொடங்கினால் ஒரு வகுப்பு முழுதும் போய்விடும், சிலபஸ் முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், இத்தனை நாள் தப்பாகச் சொன்னேன் என்று வகுப்பில் ஒத்துக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை.

அந்த வகுப்புகளில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: பணக்கணக்கை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். இல்லையென்றால் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஃப்ளோட்டுகள் சமமா என்று நேரடியாக ஒப்பிடாதீர்கள். அந்த ஒரு பைசாவைத் தேடிய மாணவி படித்தால்: நீங்கள் கேட்டது சரியான கேள்வி அம்மா. பதில் தெரியாமல்தான் உங்களை உட்கார வைத்தேன்.