வீரனின் மூச்சு

மலேசியாவின் கேரித் தீவில் நான் குடியேறிய 2004-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொல் 'காடி' என்பது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் காடி என்றால் புளித்த நீர். இந்நாட்டுத் தமிழர்களுக்கோ அது மோட்டார் கார். விவாகத்தின் மூலமாக இந்தத் தேசத்துக்கு வந்து சேர்ந்தவனாகிய நான், மாப்பிள்ளைக்கு உடனே ஒரு காடி வேண்டும் என்று மாமியார் வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டு, என் உடம்புக்கு ஏதோ வைத்தியம் செய்ய உத்தேசித்திருக்கிறார்கள் போலும் என்று கலக்கமடைந்தது உண்மை.

காடியின் அவசியம் சில வாரங்களிலேயே விளங்கிவிட்டது. லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் இத்தீவு, கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயரைத் தாங்கி, முன்பு ரப்பரும் இன்று செம்பனையுமாக விரிந்து கிடப்பது. மா மெரி பூர்வகுடிகளின் கிராமங்களையும் தோட்டத்து வீடுகளையும் தவிரக் கண்ணுக்கு எட்டிய மட்டும் மரங்களே. ஆஸ்பத்திரிக்குப் பந்திங், தீபாவளித் துணிக்குக் கிள்ளான், ஊரிலிருந்து வந்த உறவினரை மகிழ்விக்கப் பிரிக்பீல்ட்ஸ் என்று எதற்கும் பாலத்தைத் தாண்டியே ஆகவேண்டியிருக்க, பேருந்தை நம்பிப் புறப்பட்டவன் போன காரியத்தை முடிக்காமலே திரும்புவது வழக்கம். ஆகவே தோட்டத்தில் கூலி வாங்குபவரும் எப்பாடுபட்டாவது ஒரு பழைய காடி வாங்கிவிடுகிறார். அது அவருக்கு ஆடம்பரமன்று, ஜீவனோபாயம்.

நானும் 2012-இல் ஒன்று வாங்கினேன். இந்நாட்டுப் புரோட்டோன் கம்பெனி தன் வாகனங்களுக்கு இட்டிருக்கும் பெயர்களைக் கேட்டால் நம்மவர்க்கு அந்நியம் என்ற எண்ணமே எழாது: வீரா என்பது நம் வீரனே, சத்ரியா க்ஷத்திரியன், புத்ரா புத்திரன், பெர்டானா பிரதானன். கடல் கடந்து வந்த சமஸ்கிருதச் சொற்கள் மலாய் மொழியில் குடியேறி, பின்பு இரும்புச் சக்கரங்களின்மீது ஏறிக்கொண்டன. "வீரா எடுங்க மச்சான், ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும்" என்று மைத்துனன் சொன்னதன்பேரில், ஒன்பது வயது நிரம்பிய வீரன் ஒருவன் எனக்கு வாய்த்தான்.

வண்டி கைமாறும்போது பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது இங்குள்ள விதி. அங்கே நான் கண்ட காட்சி இன்றும் மனத்தில் நிற்கிறது. பக்கத்துத் தடத்தில் ஒரு லோரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாயில் கருவியைச் செருகி, 1996-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த 50 ஹார்ட்ரிட்ஜ் என்னும் புகையளவைத் தாண்டுகிறதா என்று சோதித்தார்கள். வர்த்தக வாகனங்களுக்கு இப்பரிசோதனை காலந்தோறும் உண்டு. சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் வரும் பரிசோதனை எதுவும் கிடையாது. என் வண்டிக்கோ, இஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் டார்ச் விளக்கடித்துப் பார்த்து, பத்திரத்தோடு ஒப்பிட்டு, சரி என்று அனுப்பிவிட்டார்கள். திருட்டு வண்டியன்று என்பது நிச்சயமாயிற்று. ஜாதகம் பொருந்தியது; பெண்ணுக்கு இருமல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

இருமல் இருந்தது. நான்கு மாதங்களுக்குப் பின், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்த மெக்கானிக் ஒருவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லைங்க சார், வெறும் டப்பா" என்றார். நச்சு வாயுக்களை முறித்து வெளியே விடும் வினையூக்கி மாற்றி என்னும் உறுப்பின் உள்ளீட்டை, அதிலுள்ள பிளாட்டினம், பல்லேடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களுக்காக, முன்னாள் உடைமையாளர் எவரோ பெயர்த்து விற்றிருந்தார். ஓட்டத்தில் குறை ஒன்றும் தெரியாதபடியால், நுரையீரலற்ற வீரனை நான் நிம்மதியாக ஓட்டிவந்திருக்கிறேன்.

அன்றிரவு பட்டுக்கோட்டையிலுள்ள தம்பியோடு தொலைபேசியில் பேசியபோது, "நம்ம ஊரில் இது நடக்காதுண்ணே, இங்கே புகைச் சான்றிதழ் கட்டாயம்" என்று பெருமையடித்துக்கொண்டான். கட்டாயந்தான், ஆனால் வண்டியை நிறுத்தி முடிப்பதற்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் விந்தையையும் அவனே முன்பொருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறான். அவனுடைய பெருமைக்கு 2017-இல் வேறொரு சோதனை வந்தது. பாரத் ஸ்டேஜ் மூன்று என்ற பழைய தரத்தில் செய்த வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ஆம் தேதி உத்தரவிட, கைவசமிருந்த சரக்கைத் தள்ளிவிட வியாபாரிகள் விலையை வெட்டிக் குறைத்தார்கள்; எஞ்சிய இரண்டே நாளில் கடைகளில் திருவிழாக் கூட்டம். தம்பியும் அக்கூட்டத்தில் முண்டியடித்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். புகையைத் தடுக்கப் பிறந்த உத்தரவு, அவன் வரையில், புகையை மலிவு விலைக்குக் கொடுத்தது.

செல்வ தேசங்களும் இதில் நமக்குக் குருவாக இருக்க முடியவில்லை. பரீட்சை நடப்பதை உணர்ந்து, அந்த நேரத்துக்கு மட்டும் சுத்தமாக மூச்சுவிடும்படி மென்பொருள் புகுத்திய வோல்க்ஸ்வேகன் டீசல் கார்களின் குட்டு 2015-இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. அதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்த கடினமான புதிய பரீட்சை முறை, 2018 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் பொதுவாயிற்று.

இந்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. 15 வயதான வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்குமுன் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்ற யோசனை 2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையோடு வெளியாயிற்று. அச்செய்தி வந்த வாரத்தில் தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேறு பேச்சே இல்லை. காற்று சுத்தமாகும் என்று பத்திரிகையில் படித்ததை, தம் வண்டி விலை போகாது என்றே அங்கே கூடியவர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்கள் புரிந்துகொண்டதிலும் தவறில்லை. நாடெங்கும் ஆட்சேபம் எழுந்து, சில வாரங்களுக்குள் அந்த யோசனை கைவிடப்பட்டது. நானும் அன்று சந்தோஷப்பட்டவர்களில் ஒருவன். ஆனால் 2005 ஆகஸ்டில், சுமத்திராவின் காட்டுத்தீப் புகை கிள்ளான் துறைமுகத்தை மூடி, அங்கே அவசரநிலை பிரகடனமான நாட்களில், கைக்குழந்தையின் மூக்கில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவனும் நானே. புகையைச் சபித்த வாயும், புகைப் பரிசோதனை ஒழிந்தது என்று சிரித்த வாயும் ஒன்றாக இருப்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன்.

சத்தமில்லாமல் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். 2020 ஜனவரி முதல் இங்கே விற்கும் சாதாரணப் பெட்ரோல் யூரோ நான்கு தரத்துக்கு உயர, அதிலிருந்த கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 50 ஆகக் குறைந்தது. கந்தகம் வினையூக்கி மாற்றியைக் கெடுப்பது. எவரையும் வரிசையில் நிறுத்தாமல், ஏழையின் கிழட்டு வண்டிக்கும் எண்ணெய்க் குழாய் வழியாகவே வந்து சேர்ந்தது இச்சீர்திருத்தம். வாங்குகிறவன் தலையில் மொத்தமாகச் சுமத்தாமலும் காற்றைப் பேண வழியுண்டு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டம், 20 வயதைத் தாண்டிய வாகனத்தைக் கழித்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குகிறவர்களுக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி அறிவித்ததும் நல்ல எண்ணமே. ஆனால் மிச்சப் பணத்துக்குத் தவணை கட்டக்கூடியவனுக்கே அது எட்டும்.

அவ்வறிவிப்புக்குச் சில வாரங்களுக்குப் பின் என் வீரனை விற்க நேர்ந்தது. வாங்க வந்தவன் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பையன். மனைவி கர்ப்பிணி, மாதந்தோறும் பந்திங் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எண்களை மட்டும் ஒப்பிடும் உலகத்தில் எண்கள் சொல்லாததை நானாவது சொல்வோம் என்று, வினையூக்கி மாற்றியின் கதையையும், நான் கைப்பணம் போட்டு நல்லதொன்று பூட்டியதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இல்லாட்டியும் காடி ஓடும்தானே, அங்கிள்?" என்றான்.

ஓடும் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. நானே நான்கு மாதம் ஓட்டியவன் அல்லவா. அவன் கையிலிருந்ததில் இருநூறு ரிங்கிட் குறைந்தது. குறைத்துக்கொண்டே கொடுத்தேன், ஆனால் அந்த உறுப்பை எக்காரணத்தாலும் கழற்றி விற்பதில்லை என்று, பிறக்கப்போகும் குழந்தையின்பேரில் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன். அதைப் பத்திரத்தில் எழுத இடம் இருக்கவில்லை.