கைடைப் பார்த்துக் காலை விடு

அன்புள்ள வாலு,

வேலையை விட்டுவிட்டு மெக்கானிக்கலில் பிஎச்டி சேரப் போகிறாயாமே! இதை உன் அத்தை சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சரி, சண்டையை நேரில் போட்டுக்கொள்கிறேன். முதலில் எங்கள் லேப் வம்பைக் கேள்.

எங்களுடையது ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங். 1991-ல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ நிறுவனம் கண்டுபிடித்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; இதில் அதை உருகவே விடுவதில்லை. இரண்டு தகடும் சேருமிடத்தில் சுழலும் டூலை இறக்கி நகர்த்தினால், உரசுகிற சூட்டில் உலோகம் அல்வாப் பதத்துக்கு இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். சுழலும் வேகம், நகரும் வேகம், டூலின் சாய்வு, அழுத்தும் விசை என்று நான்கையும் மும்மூன்று அளவில் மாற்றிப் பார்த்தால் 81 வெல்டு போட வேண்டும். ஜப்பான்காரர் டாகுச்சியின் எல்9 அட்டவணைப்படி 9 போதும். ஆனால் ஒன்று மாறும்போது இன்னொன்று என்ன செய்கிறது என்பது அந்த ஒன்பதில் பிடிபடாது. உண்மையான ஆராய்ச்சியே அங்கேதான் இருக்கிறது என்பேன். எங்கள் சீனியர் ஒருவர் அந்த ஒன்பதை வைத்தே வரிசையாகப் பேப்பர் போட்டார். படம் அதேதான், தலைப்பு மட்டும் புதுசு! வெளியே மூச்சு விடாதே.

சாம்பிள் வெட்ட அம்பத்தூர் எஸ்டேட்டில் வயர் கட்டிங் கடை வாசலில் நிற்பதும், எஸ்இஎம் மைக்ரோஸ்கோப் ஸ்லாட்டுக்காக டெக்னீஷியன் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் படிப்பில் சேர்த்திதான். கேட் தேர்வு எழுதி ஐஐடியில் உதவித்தொகையோடு சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. மற்றப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி முடிக்க யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. இதைக் கேட்டதும் என் மாமியார் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

அத்தனை வருடம் இழுப்பது மெஷின் இல்லையடி, கைடு. பக்கத்து லேப் பெண் திருத்தக் கொடுத்த சாப்டர் தீபாவளிக்கு முன்னால் உள்ளே போனது. பொங்கல் முடிந்தும் வெளியே வரவில்லை. எங்கள் சார் டாக்டோரல் கமிட்டி மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கத்துவார், ஆனால் டிராஃப்டை உடனே படித்துவிடுவார். கத்தலே மேல்.

அதனால் தலைப்பைப் பார்த்து மயங்காதே. எந்த கைடிடம் சேரப் போகிறாயோ, அவரிடம் முடித்தவர்களைத் தேடிப் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேள். சிரித்து மழுப்பினால் வேறு இடம் பார். கேட்டுவிட்டு முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், உன் அத்தைக்கு இல்லை.

உன்
வாயாடி