இரண்டு மதிப்பெண்

ஆடி, செவ்வாய்

விடியற்காலை மூன்றரைக்கே முழிப்பு வந்துவிட்டது. மனச்சோர்வில் இது வழக்கம்தானாம். தூக்கம் முன்னதாகவே கலையும், காலைப்பொழுதுதான் படு மோசம், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தேவலை. டாக்டர் சொன்னதும் பாதி நிம்மதி. இத்தனை நாள் சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்ததற்கு வியாதி என்று பெயர் கிடைத்தது. தைராய்டு, பி12 இரண்டும் பார்த்தாயிற்று, குறையில்லை. எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார். "கேக்க ரெண்டு மூணு வாரமாவது ஆகும்மா, அதுக்குள்ள நீங்களா நிறுத்திடாதீங்க." அம்மா போனில், சமயபுரம் போய்விட்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். போகலாம்தான். பஸ் ஏறத் தெம்பு வேண்டுமே.

ஆடி, சனி

நோட்டில் கோடு போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கு மணி என்ன செய்தேன், அதில் சந்தோஷம் பத்துக்கு எவ்வளவு, செய்து முடித்த நிறைவு பத்துக்கு எவ்வளவு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1970களிலேயே தன்னிடம் வந்தவர்களை இப்படி எழுத வைத்தாராம். உற்சாகம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று உட்கார்ந்தால் அது வராது. முதலில் வேலை, உற்சாகம் பின்னால் வந்தால் வரட்டும்.

குளியல்: 0, 4. காபி: 0, 0. டிகாஷன் வாசனைகூட எட்டவில்லை, வெந்நீரைக் குடித்த மாதிரி இருந்தது. மாவு அரைத்தது: 0, 6. உளுந்து பொங்கி வர வர தண்ணீர் தெளித்து, வழித்து, கல்லுப்புப் போட்டுக் கையாலேயே கரைத்துத் தூக்கில் ஊற்றினேன். வேறு யாரோ செய்வது போலத்தான் இருந்தது. ஆனாலும் ஆறுக்குக் குறைத்துப் போட மனம் வரவில்லை. தூக்கு நிறைய மாவு இருக்கிறதே!

நான் இத்தனை காலம் முதல் மதிப்பெண்ணை மட்டும் வைத்தே நாளை எடைபோட்டு வந்திருக்கிறேன். அது பூஜ்யம் என்றால் நாளே பூஜ்யம்.

ஆவணி, ஞாயிறு

அண்ணன் மகன் வான்கோவின் 'நட்சத்திர இரவு' படத்தை அனுப்பியிருந்தான். "இருட்டுதான் அத்தை கலைஞனை உண்டாக்குது." அவனும் படம் வரைகிறவன். எனக்கு இந்தப் பேச்சே ஆகாது. 1889 மே மாதம் வான்கோ தானாகவே போய் சான் ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். அங்கிருந்த ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 150 ஓவியங்கள். ஆனால் நோய் முற்றிய வாரங்களில் பெரும்பாலும் அவரால் வேலை செய்ய முடியவில்லை, தெளிவு வந்த இடைவெளிகளில்தான் அநேகமாக எல்லாம். ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரிந்த கோதுமை வயலைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அது அவர் பார்த்த வேலை. நோய் கொடுத்தது என்று அதற்குப் பட்டம் கட்டுவது அநியாயம். 1890 ஜூலையில் ஆளையே கொண்டுபோனதுதான் நோய்.

இன்று காபி: 3.

புரட்டாசி, வெள்ளி

அண்ணன் மகன் வந்திருந்தான். இரண்டு தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போன வருஷமாக இருந்தால் 'படிப்பு எப்படிடா போகுது' என்று கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இன்று பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

"சில நாள் ராத்திரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திரை போட்டா வரையற கை போயிடுமா அத்தை?"

"அதை டாக்டர்கிட்டயே கேளு. எனக்கு மாவரைக்கிற கை போகலை."

சிரித்தான். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ அவன் போனில் போட்டுக் கொடுத்தேன். எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசில்லை. இன்று ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதீங்க என்கிறான். சொல்லாமல் முடியாது, நானே பேசுகிறேன், நீ கூட இரு என்றேன். நாளை எட்டு மணிக்குள் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்க வேண்டும். அண்ணன் படுப்பதற்குள் போன் போட வேண்டும்.