அலாவுதீனின் தாய் எங்கே?

"கதை நன்றாகத்தான் இருந்தது, படம்தான் கெடுத்துவிட்டது." வாசிக்கும் பழக்கமுள்ளவர்களின் வாயில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக வெளிவந்தபோது எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சுத்தான். ஐந்து பாகங்களில் விரிந்து கிடந்த கதையைச் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டார்களே என்று ஒருவர் வருந்தினார். "என் வந்தியத்தேவன் இவரில்லை" என்றார் இன்னொருவர். அந்த "என்" என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். வாசகன் தன் மனதில் தானே ஒருவனைப் படைத்து வைத்திருக்கிறான். திரையில் வந்தவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அவர் வேறொருவர்தானே!

மௌலவிக்குச் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். படம் பார்ப்பதன் சட்டத்தை விளக்க நான் இங்கு வரவில்லை. என் கவலையெல்லாம் நம் பிள்ளைகளைப் பற்றியது. நாம் பார்க்கச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புத்தகம் கைக்கு வருமுன்பே படம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அதனால் அவர்களுக்குக் கிடைக்காமல் போவது என்ன என்பதை ஒரு சிறுமி எனக்கு உணர்த்தினாள்.

சென்ற தவணையில் ஒரு நாள், ஆசிரியர் வராத வகுப்பொன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. தரம் ஏழு. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் கடைவீதி முஸ்லிம் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பு. அலாவுதீன் கதை யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பறக்கும் கம்பளம், குறும்புக் குரங்கு, நீல நிறப் பூதம், மூன்று வரம் என்று ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள். "சரி, அலாவுதீனின் அம்மா என்ன செய்தார்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "அவனுக்கு அம்மா இல்லையே சேர்!" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவள் பார்த்த படத்தில் அம்மா இல்லை. அவளுடைய அம்மாவோ நான்கு வருடங்களாக வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். அந்த வகுப்பில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

புத்தகத்தில் உள்ளதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். அலாவுதீன் சீன நாட்டில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகன். தகப்பன் இறந்த பிறகு தாய் பஞ்சு நூற்று, வேலைக்குப் போகாமல் ஊர்சுற்றும் மகனுக்குச் சோறு போடுகிறாள். விளக்கை விற்று அடுத்த வேளை உணவு வாங்கலாம் என்று அதைத் துலக்கப் போனவள் அவள்தான். பூதத்தை முதலில் கண்டு மயங்கி விழுந்தவளும் அவள்தான். அரசகுமாரியைத் தனக்குப் பெண் கேட்டுப் போகும்படி மகன் பிடிவாதம் பிடித்தபோது, ஒரு தட்டு நிறைய இரத்தினங்களைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு சுல்தானின் சபைக்குப் போகிறாள். அங்கே அவளை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சபை கலைகிறது. வீடு திரும்புகிறாள். மறுமுறை வந்து அதே இடத்தில் நிற்கிறாள். இப்படியே பல நாட்கள். கடைசியில் சுல்தானே தன் வஸீரிடம், தினமும் ஏதோ மூட்டையுடன் வந்து நிற்கும் அந்தப் பெண் யார் என்று விசாரிக்கிறார்.

எங்கள் மலையகத்துப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய காட்சி உண்டா? தோட்டக் காரியாலயத்தின் முன்னால், கிராம சேவகரின் வாசலில், ஆஸ்பத்திரி வரிசையில் எத்தனை தாய்மார் இப்படி நிற்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்! "எத்தனை நாள் சேர் நின்றார்?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். அதுவரை பூதத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு, அதற்குப் பிறகு தாயைப் பற்றியே கேட்டது.

இந்தத் தாய் படத்தில் எப்படிக் காணாமற் போனாள்? டிஸ்னி நிறுவனம் 1992இல் வெளியிட்ட கார்ட்டூன் படத்தின் ஆரம்பத் திட்டத்தில் தாய் இருந்தாள். மகன் அவளை நினைத்துப் பாடும் பாட்டொன்றும் தயாராகியிருந்தது. பிறகு அவளை நீக்கிவிட்டார்கள். பாட்டும் அவளோடு போயிற்று. 2019இல் நடிகர்களை வைத்து மீண்டும் எடுத்த படத்திலும் அவளுக்கு இடமில்லை. சீன நாடு போய் 'அக்ரபா' என்ற கற்பனை அரபு நகரம் வந்தது. மூன்று வரம் என்ற கணக்கும் பழைய கதையில் இல்லாதது. அரபு மண்ணை, காதை வெட்டும் காட்டுமிராண்டி நாடாகக் காட்டிய ஆரம்பப் பாட்டு வரிகளை அமெரிக்க அரபு மக்கள் கண்டித்தார்கள். அதன் பின்னர் 1993இல் வீடியோவாக வந்தபோது அதில் ஒரு பகுதியை மாற்றினார்கள். அந்த வரிகளுக்காகக் குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். தாய்க்காகக் கேட்க யாரும் இருக்கவில்லை.

இக்கதையின் பிறப்பும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒன்று. அரபு படித்தவன் என்ற உரிமையோடு 'அல்பு லைலா வலைலா'வில் அலாவுதீனைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட புகழ்பெற்ற பதிப்பில் அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சு மொழியில் தந்த அன்ட்வான் கலான் என்பவருக்கு 1709இல் பாரிஸ் நகரில் இக்கதைகளை வாயால் சொன்னவர் ஹலப் நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற அரபுக் கிறிஸ்தவ இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். கலான் தன் நாட்குறிப்பில் அவருடைய பெயரைக் குறித்து வைத்தார். அச்சிட்ட நூலில் அது இடம்பெறவில்லை. இளைஞர் ஊர் திரும்பித் துணி வியாபாரம் செய்தார். முதுமையில் தன் பயண அனுபவங்களை அரபியில் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை எழுதியவர் இவர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 1993இல். உலகமே அறிந்த ஒரு கதையைச் சொன்ன வாலிபனின் பெயர் வெளிவர எவ்வளவு காலம்!

அலிபாபாவின் கதையும் இப்படித்தான். புத்தகத்தில் அறிவாளி, மர்ஜானா என்ற அடிமைப் பெண். கதவில் திருடன் இட்ட அடையாளத்தைக் கண்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் அதே அடையாளத்தை இட்டுத் திருடர்களைக் குழப்புகிறாள். எண்ணெய்ச் சாடிகளுக்குள் ஆட்கள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பவளும் அவளே. அலிபாபாவோ அப்பாவி விறகுவெட்டி. 1956இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் வர்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் மர்ஜியானாவாகப் பானுமதி திறமையாகவே நடித்தார். ஆனால் அலிபாபாவாக வந்தவர் எம்.ஜி.ஆர். ஆயிற்றே! கதை அவருடைய வாளைச் சுற்றித்தானே ஓடும்?

இது நம்மவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1968இல் 'எர்த்சீ' என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தை வைத்து ஒரு மாயக்கதை எழுதினார். அதன் கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அவ்வுலகின் மக்களில் பெரும்பாலோர் நிறமுள்ளவர்கள். 2004இல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது அந்த வேடத்துக்கு வெள்ளைக்கார வாலிபர் ஒருவரைப் போட்டார்கள். எழுத்தாளர் பத்திரிகையில் எழுதியே தன் எதிர்ப்பைத் தெரிவித்தார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. படம் கதையைச் சுருக்குவதில் எனக்குக் குறை இல்லை. சுருக்கும்போது முதலில் வெளியேற்றப்படுவது யார் என்பதுதான் கேள்வி. காத்து நிற்கும் தாய், விழிப்பான வேலைக்காரி, கறுத்த பையன்... மாளிகையும் பூதமும் வாளும் எல்லாக் கதைகளிலும் உண்டு. கதை சொன்னவன் தன் கண்ணால் கண்டு உள்ளே வைத்தவை இவர்கள்தாம். கதையின் உயிரும் இவர்களிடமே இருக்கிறது.

எழுத ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பாவொலினி என்ற சிறுவன் பதினைந்தாவது வயதில் 'எரகோன்' என்ற டிராகன் கதையை எழுதத் தொடங்கினான். தாய் தகப்பன் அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து அச்சிட்டு விற்றார்கள். 2003இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. 2006இல் படமும் வந்தது. வாசகருக்கு அது பெரும் ஏமாற்றம். அதற்கு இரண்டாம் படம் வரவே இல்லை. புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

எனக்கும் பதினைந்து வயதில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. வாப்பாவுக்குக் கொஸ்லந்தையில் சிறிய சில்லறைக் கடை. சுருள் சுற்றுவதற்கு நிறுத்து வாங்கிய பழைய கடதாசிக் கட்டுக்குள்தான், அட்டை கிழிந்த அரபுக் கதைப் புத்தகம் எனக்குக் கிடைத்தது. அரபுக் கல்லூரியின் றமழான் விடுமுறையில், அதைப் போல நானும் ஒன்று எழுதுவேன் என்று உட்கார்ந்தேன். சென்ற வருடம் வீட்டுக் கூரைத் தகடு மாற்றியபோது, நஹ்வு பாடக் குறிப்புகளோடு அந்தக் கொப்பியும் பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்தது.

தியலும நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு குகை. மந்திரச் சொல் சொன்னால் மலை திறக்கும். உள்ளே ஒரு நகரம். பதினொரு பக்கத்துக்கு வாள்சண்டை! வாடகை வீடியோ டெக்கில் ஊரோடு சேர்ந்து பார்த்த படங்களிலிருந்து வந்த சண்டை அது. வாசிக்க வாசிக்கச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். கதாநாயகனின் தாய் சம்பளத்துக்கு முந்திய நாள் கடைக்கு வருகிறாள். மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நிற்கிறாள். பிறகு மெதுவாகக் கடனுக்கு அரைக் கொத்து அரிசி கேட்கிறாள். கடைக்காரர் கணக்குக் கொப்பியிலிருந்து தலை நிமிராமலே அளந்து போட்டு, மேலே ஒரு கை அரிசியையும் சேர்த்துப் போடுகிறார்.

அந்தக் கை என் வாப்பாவுடைய கை. அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. அவருடைய படங்கள் இரண்டு மூன்று வீட்டில் உண்டு. எதிலும் அந்தக் கை இல்லை. என் கொப்பியில்தான் இருந்தது.

மலை திறக்கும் பக்கத்தையும் இன்று சிரித்துக்கொண்டு வாசிக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு இப்பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் மலையின் சத்தம் இருந்தது. எந்தப் படத்திலும் நான் கேட்டிராத சத்தம்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. படம் வருமுன் கதையைப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள். புத்தகம் இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள். ஹன்னா தியாபும் வாயால்தான் சொன்னார். பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டால், "இதில் யாரை விட்டுவிட்டார்கள்?" என்று கேளுங்கள். மகனோ மகளோ கொப்பியில் ஏதாவது எழுதினால் எழுத்துப்பிழை தேடவும் வேண்டாம், "இது படத்தில் வந்ததுதானே" என்று கேலி செய்யவும் வேண்டாம். பதினொரு பக்க வாள்சண்டைக்கு நடுவே ஒரு பக்கத்தில் உங்கள் வீடு இருக்கலாம்.

அந்தக் கொப்பியைப் பழைய கடதாசிக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மழை படாத இடத்தில் வையுங்கள். பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது நாம் இருப்போமோ இல்லையோ, அல்லாஹ்வே அறிவான். கொப்பி இருக்கட்டும்.