மைக் செட் கடையில் ஒரு ப்ளூஸ் மூலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய மைக் செட் கடை எதற்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் செத்த மைக்குகள் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் என்று அலைந்து ஓய்ந்தவை. தலை நசுங்கியிருக்கும், சுவிட்ச் ஆடும். கடைக்காரருக்கு அது காயலாங்கடைச் சரக்கு. மவுத் ஆர்கனில் ப்ளூஸ் வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் புதையல்.

மவுத் ஆர்கன் என்றால் நமக்குச் சினிமாப் பாட்டின் இனிமைதான் ஞாபகம் வரும். ப்ளூஸ்காரர்கள் தேடுவது கரகரப்பை. சிகாகோவின் லிட்டில் வால்டர், மைக்கையும் பத்துத் துளை வாத்தியத்தையும் சேர்த்து இரு கைக்குள் பொத்தி, வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திணறவிட்டு வாசித்தார். 1952இல் அவர் பதிவு செய்த 'ஜூக்' கேட்டால், கைக்குள் அடங்கும் வாத்தியமா இது என்று தோன்றும்.

அந்த ஒலிக்காக எல்லாரும் துரத்துவது இரண்டு மைக்குகளை. ஒன்று, 1949இல் வந்த ஷூர் கிரீன் புல்லட். மற்றது, அஸ்டாடிக் ஜேடி-30. இரண்டும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இப்போது விற்கும் கிரீன் புல்லட்கூட 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். மேடைப் பாடகரின் மைக் 15,000 வரை போகும். கீச்சொலி வெட்டுப்பட்டு, நடு ஒலி முட்டிக்கொண்டு முன்னால் வருவது இந்தக் குறையால்தான். அம்மன் கோயில் அறிவிப்பு கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

வெளிநாட்டிலிருந்து ஜேடி-30 வரவழைக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். அதன் பழைய கிரிஸ்டல், ரோஷெல் உப்பு. ஈரக்காற்றும் ஆகாது, 55 டிகிரியைத் தாண்டும் வெப்பமும் ஆகாது. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கதை முடிந்தது.

உள்ளூர் டைனமிக் மைக்குக்கு அந்தக் கவலை இல்லை. கம்பிச்சுருள் அறாமல் இருந்தால் போதும், மல்டிமீட்டர் சொல்லிவிடும். பெரும்பாலானவை லோ இம்பீடன்ஸ். வால்வு ஆம்ப்ளிஃபயர் கேட்பதோ ஹை இம்பீடன்ஸ். நடுவே ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சத்தம் எழும். நீளக் கைப்பிடியை அறுத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் கூட்டில் ரப்பர் வளையம் வைத்துக் காற்று கசியாமல் பொருத்த வேண்டும். கசிந்தால் அடிநாதம் போய்விடும். கூட்டிலேயே ஒரு வால்யூம் கன்ட்ரோல் வைப்பது நல்லது; ஊளையிடத் தொடங்கினால் விரலாலேயே அடக்கலாம்.

பழைய கறுப்பு டயல் போன் கிடைத்தாலும் விடாதீர்கள். வாய்ப்பக்கத்துக் கார்பன் வில்லைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், அது தொல்லை. காதுப்பக்கத்து வில்லையோ அப்படியே மைக்காக வேலை செய்யும். குரலும் குறுகலாக, முரடாக வரும்.

உங்கள் தெருவில் மைக் செட் கடை ஏதாவது மூடப்போகிறது என்றால், சரக்கு எடைக்குப் போவதற்கு முன் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.